ஒண்ணாந்தேதி அக்காவின் சுவர்

அந்த மாதம் ஒன்றாம் தேதி காலை, வடக்குக் கூடத்தின் கதவைத் திறந்து சுவரைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. இரண்டாவது வார்த்தையும் அப்படித்தான். மூன்றாவதாகத்தான், "யாரு இதைத் துடைச்சது?" என்று கேட்டாள். கூடத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. கையில் கொண்டுவந்த பென்சிலோடு அப்படியே நின்றாள்.

சுவர் பளிச்சென்று இருந்தது. விட்டத்தின் மூலையில் தொடங்கிக் கோணல்மாணலாக இறங்கும் விரிசல் மட்டும் பழையபடி இருந்தது. அதன் ஓரமாகப் பதினான்கு வருடம் அவள் போட்டுவைத்த கோடுகளில், தேதிகளில், ஒன்றுகூட மிச்சமில்லை. வழித்துத் துடைத்திருந்தார்கள். ஒரு மனுஷி எட்டே நாள் லீவு போட்டதற்கு இதுவா தண்டனை?

யார் இவள் என்று சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் மரபுச் சின்னப் பாதுகாப்புத் துறையில், சம்பளப் பட்டியலின்படி, துப்புரவுப் பணியாளர். வயது நாற்பத்தாறு. துறையில் எல்லாருக்கும் 'ஒண்ணாந்தேதி அக்கா'. கல்யாணமாகி மூன்றாம் நாள் ஒன்றாம் தேதி வந்தது, வந்தாள். பெற்ற தாயை அடக்கம் செய்த மறுநாள் ஒன்றாம் தேதி. அழுதுகொண்டே வந்து, கோடு போட்டுவிட்டு, அழுதுகொண்டே போனாள். கோபமோ மூக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கும். ஈரச் செருப்போடு கூடத்துக்குள் வந்த துணைவேந்தரையே, "கொஞ்சம் அப்படியே நில்லுங்க சார்" என்று வாசலில் நிறுத்தித் துணியை நீட்டியவள்.

துறை இருக்கும் கட்டடம் இருநூறு வருடப் பழசு. முன்பு தானியக் கிடங்காக இருந்தது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றக் கற்றுத்தரும் துறை, தானே ஒரு பழைய கட்டடத்தில் குடியிருந்தது. அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் ஒருவருக்கும் கவலை இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு இன்ஜினியர் இருந்தார். மகா சோம்பேறி. விரிசலைக் கவனிப்பது அவர் வேலை. "எனக்கு ஏணி ஏறினா தலை சுத்துதும்மா. மாசா மாசம் ஒண்ணாந்தேதி விரிசல் எது வரைக்கும் வந்திருக்கோ அங்க பென்சிலால ஒரு கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதிடு. சுவத்துலயே எழுது. காகிதம்னா எங்கயாவது தொலைஞ்சு போயிடும்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் வேலை மாறிப் போய்விட்டார். போகும்போது இதை நிறுத்தச் சொல்லவும் இல்லை, தொடரச் சொல்லவும் இல்லை.

இவள் தொடர்ந்தாள். காரணம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே பைண்டிங் அறை. அதில் சுவரை ஒட்டினாற்போல ஒரு மேசை, ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பழைய புத்தகங்களுக்குத் தையல் போடுகிறவள் இவளுடைய கூடப்பிறந்த தங்கை.

ஆரம்பத்தில் ஏணியின் உச்சிப் படியில் நின்று எழுதினாள். விரிசல் கீழே இறங்க இறங்க அவளும் படி படியாக இறங்கினாள். பதினான்கு வருடத்தில் பன்னிரண்டு படி. இப்போது கீழிருந்து இரண்டாவது படியில் நின்றால் போதும். ஆனால் அது சீராக இறங்கியதில்லை, அதுதான் விஷயம். வெயில் காலத்தில் மாதக்கணக்கில் அசையாது. பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே தேதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போவாள். மழைக்காலத்தில், அடித்தளத்து மண் ஊறியதும், ஒரே மாதத்தில் நாலு விரல், ஐந்து விரல் என்று இறங்கிவிடும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் ஒரு முழு சாண் இறங்கியது. அன்றைக்கு இருந்த துறைத்தலைவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினாள். அவர் முகம் வெளுத்து, மறுநாளே ஐந்து முட்டு மரங்களைச் சுவரின் இரண்டு பக்கமுமாகச் சாய்த்து நிறுத்தினார். அந்த ஐந்து மரங்கள்தான் இன்று வரை சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவர் அதை ஒரு கோப்பிலாவது எழுதி வைத்தாரா? இல்லை. ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

"ஏன்க்கா இப்படி அழுத்தி எழுதறே? சுவரு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தங்கை கேலி செய்வாள். அக்கா எதையும் அழுத்தித்தான் எழுதுவாள். வாரத்துக்கு ஒரு பென்சில் முனை உடையும். கையெழுத்துப் போட்டால் அடுத்த மூன்று தாளிலும் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கூட்டு ஆராய்ச்சி, கூட்டுப் பயிற்சி. வந்தவர்கள் நல்லவர்கள்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தலைமை தாங்கி வந்த பேராசிரியை நெட்டையான, நரைத்த பெண்மணி. வேலை செய்ய அஞ்சாதவர். சுவரோடு சுவராக ஒட்டி நின்று பூதக்கண்ணாடியால் பார்ப்பார். வந்த முதல் வாரமே விரிசலின் குறுக்கே மூன்று சின்னப் பெட்டிகளை ஒட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நகர்ந்தாலும் அது சொல்லிவிடுமாம். நான்கு மாதமும் கொளுத்தும் வெயில். பெட்டிகள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நான்கு வாரப் பயிற்சி. இரு நாட்டு மாணவர்களும் சேர்ந்து இருபது பேர். மூன்றாவது வாரம் 'மேற்பரப்புத் தூய்மை'. சரியாக அந்த வாரம்தான் பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் வேனிலிருந்து இறங்கும்போது கால் பிசகி எலும்பு முறிந்து, அவள் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "உன் சுவரு எங்கேயும் ஓடிப்போயிடாது, உக்காரு" என்று அந்த மனுஷன் கட்டிலில் கிடந்தபடி சமாதானம் வேறு சொன்னான்.

சுவர் ஓடிப்போகவில்லை. மாணவர்கள் ரப்பர் பஞ்சை வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, பூச்சுக்குத் துளிச் சேதமில்லாமல், அவ்வளவு பொறுமையாக அழித்திருந்தார்கள். பழைய கட்டடத்தில் பிற்பாடு சேர்ந்த அழுக்கையும் கிறுக்கலையும் எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் படித்த பாடம். எடுக்கும் முன் படிவம் நிரப்ப வேண்டும் என்பதும் பாடம். நிரப்பியிருந்தார்கள். மேசைமேல் கிடந்த படிவத்தை அவள் எடுத்துப் படித்தாள். 'பென்சில் கிறுக்கல்கள், நூற்றைம்பதுக்கும் மேல். எழுதியவர் தெரியவில்லை. மதிப்பு: இல்லை. அகற்றப்பட்டது.' ஓரத்தில் சிவப்பு மையில் 'மிக நேர்த்தி' என்று பாராட்டு வேறு.

எழுதியவர் தெரியவில்லையாம்! தினமும் அந்தக் கூடத்தைப் பெருக்குகிறவள், அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறவள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாளா என்று அவளுக்கே நினைவில்லை.

துறைத்தலைவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சாந்தமான மனிதர், அதாவது, எதிலும் தலை கொடுக்காதவர்.

"சார், என் தேதியெல்லாம் அழிச்சுட்டாங்க."

"என்ன தேதிம்மா? ஓ, அந்தப் பென்சில் கோடா? நல்லதாப் போச்சு. சனிக்கிழமை நிறைவு விழா. ரெண்டு நாட்டுப் பெரியவங்களும் வர்றாங்க. கூடம் சுத்தமா இருக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை அந்த முட்டு மரத்தையும் எடுத்துடறோம். கண்றாவியா நிக்குது."

"மரத்தை எடுக்கறீங்களா? எதுக்கு சார்?"

"சுவர் நகரலையே. நாலு மாசமா ஒரு மயிரிழை கூட நகரலை. இதோ பாரு, அறிக்கை. எவ்வளவு பெரிய கருவி தெரியுமா அது?"

"நாலு மாசமும் வெயில் சார். வெயில்ல அது செத்த பாம்பு மாதிரிதான் கிடக்கும். மழை வந்தாத்தான் நகரும். இன்னும் மூணு வாரத்துல மழை. மரம் இல்லாம விட்டா அந்தப் பக்கம் சரிஞ்சிடும். அந்தப் பக்கம் ஆள் உக்காந்திருக்காங்க சார்!"

"சரி. அதுக்கு ஆதாரம்?"

"ஆதாரத்தைத்தானே துடைச்சு எடுத்து, மிக நேர்த்தினு எழுதி வச்சிருக்கீங்க!"

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எழுதி வச்சிருந்தா காட்டு. நோட்டு, புத்தகம், ஏதாவது. வாய்ச்சொல்லை வச்சு நான் அவங்ககிட்ட எப்படிப் போய் நிக்கறது? துறை மானம் போயிடும்."

சுத்தம் செய்யும் முன் எடுத்த படங்களைக் கேட்டாள். அதையும் காட்டினார்கள். பத்தடி தள்ளி நின்று எடுத்த படம். முழுச் சுவரும் இருந்தது. அவளுடைய பதினான்கு வருடம் அதில் அழுக்குத் தீற்றலாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு எண்ணைக்கூடப் படிக்க முடியவில்லை.

மத்தியானம் தங்கையோடு சாப்பிட உட்கார்ந்தபோது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே சொன்னாள். "நாளையிலேருந்து நீ அந்த ஸ்டூல்ல உக்காரக் கூடாது."

"வேற எங்க உக்கார? ஜன்னல் வெளிச்சம் அங்க மட்டும்தான் விழுது. ஊசியில நூல் கோக்க வேண்டாமா?"

"தலையில சுவரு விழுந்தா ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம்."

தங்கை சிரித்தாள். "பதினாலு வருஷமா விழும் விழும்னு சொல்றே. அதுக்கே சலிச்சுப் போயிருக்கும். மேற்பார்வையாளர்கிட்ட கேட்டேன்க்கா, உத்தரவு இல்லாம மேசையை நகர்த்த முடியாதாம். அதான் வெளிநாட்டுக்காரங்களே ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்களே. உனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதா?"

இதுதான் அவளைக் குத்தியது. மற்றவர்கள் நம்பாவிட்டால் போகட்டும். கூடப்பிறந்தவளுமா? "செத்துத் தொலை, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சொன்ன வாயை அன்றைக்கு முழுக்கத் தானே திட்டிக்கொண்டாள். பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்குப் போயிற்று.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போகாத ஆளில்லை. பேராசிரியைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த இளம் விரிவுரையாளரிடம் சொன்னாள். அவர், "நான் சொன்னா தப்பா எடுத்துப்பாங்கக்கா" என்று கையைப் பிசைந்தார். மரம் எடுக்க வரும் தச்சரிடம் சொன்னாள். "எனக்கு உத்தரவு வந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர். நியாயம்தான். இந்த உலகத்தில் எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சுவருக்கடியில் இருக்கிறவளுக்குத்தான் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசி வகுப்பு. 'சாய்வெளிச்சம்' என்று பெயர். கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் மூடி இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேர்வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் கட்டித் தெரியும். பூச்சில் எங்கே உப்பல், எங்கே பழுது என்று கண்டுபிடிக்க அது ஒரு வழி. விளக்கு நிற்கும் கம்பத்தின் திருகு கழன்றுவிட்டது. "அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" என்றார் விரிவுரையாளர். கடுகடுவென்று வந்து, ஏணியில் ஏறிப் பிடித்தாள்.

பேராசிரியை கீழிருந்து சைகை காட்ட, அவள் விளக்கை மெதுவாகத் திருப்பி, வெளிச்சம் சுவரை வருடிக்கொண்டு போகும்படி வைத்தாள். விட்டத்துக்கு அடியில், விரிசலின் ஓரமாக, சின்னச் சின்னக் கோடுகள் எழுந்தன. பேராசிரியை குரலில் பரவசம். விரிவுரையாளர் மாணவர்களுக்குச் சொன்னார்: "பாருங்க, பூச்சில் அழுந்திய கோடுகள்! இந்தக் கட்டடத்தைக் கட்டின கொத்தனார்கள் போட்ட அடையாளமா இருக்கலாம்னு சொல்றாங்க. இருநூறு வருஷப் பழசா இருக்கலாம். இதுவரைக்கும் யாருமே கவனிச்சதில்லை." இருபது பேரும் குனிந்து குறிப்பெடுத்தார்கள்.

"இருநூறு வருஷமா?" அவள் போட்ட சத்தத்தில் பேனாக்கள் நின்றன. "எனக்கு என்ன இருநூறு வயசா? அது நான் போட்ட கோடு!"

துறைத்தலைவர் இருட்டிலிருந்து, "அம்மா, வகுப்பு நடக்குது" என்றார்.

"நடக்கட்டும் சார். இன்னிக்கு நான்தான் நடத்தப் போறேன்." விளக்கை இன்னும் சுவரோடு ஒட்டினாள். பென்சில் கரியைத்தான் அவர்கள் துடைத்திருந்தார்கள். அவள் கை அழுத்திய பள்ளத்தைத் துடைக்க எந்தப் பஞ்சாலும் முடியவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. நாள், மாதம், வருடம். அவளுடைய கோணல் எழுத்து.

"இது நான் சேர்ந்த வருஷம். இது அஞ்சாம் மாசம், இது ஆறு, இது ஏழு. எல்லாம் ஒரே கோட்டுக்குப் பக்கத்துல இருக்கா? வெயில். நகரலை. இப்போ பாருங்க." விளக்கை ஒரு சாண் கீழே இறக்கினாள். "இது பதினொண்ணாம் மாசம். இது பன்னெண்டு. எங்கேருந்து எங்க வந்திருக்குனு பாத்தீங்களா? மழை. அடுத்த வருஷம் பாருங்க. மறுபடி கூட்டமா நிக்குது, மறுபடி தாவுது. இதோ, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. இந்தத் தாவலுக்கு அப்புறம்தான் அந்த மரத்தை வச்சாங்க. அதுக்கப்புறம் தாவல் சின்னதாயிடுச்சா? மரம் பிடிச்சு நிறுத்தினதால. அந்த மரத்தைத்தான் நாளைக்குப் புடுங்கப் போறாங்க. சொல்லுங்க சார், நான் சொல்றதை அப்படியே அந்தம்மாகிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தை முழுங்கக் கூடாது."

விரிவுரையாளர் முழுங்கவில்லை. பேராசிரியை சுவருக்கு அருகில் வந்து, மேலிருந்து கீழே வரை, மூச்சுவிடாமல் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். "எந்தெந்த மாசம் உங்களுக்கு மழைனு கேக்கறாங்க." அவள் சொன்னாள். பேராசிரியை தன் மூன்று பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். முகம் காதுவரை சிவந்தது. அப்புறம் மாணவர்களிடம் நிதானமாக ஏதோ சொன்னார். விரிவுரையாளர் தயங்கினார்.

"என்ன சொல்றாங்க?"

"இந்தச் சுவத்துல இருந்த ஒரே உண்மையான ஆராய்ச்சியை நாங்க அழிச்சுட்டோம், நான்தான் அழிக்கச் சொன்னேன், தப்பு என்னோடதுங்கறாங்க. மன்னிப்புக் கேக்கறாங்கக்கா."

"மன்னிப்பு சுவத்தைத் தாங்குமா? மரத்தை எடுக்காதீங்கனு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அந்த அறையைக் காலி பண்ணச் சொல்லியும் எழுதணும். இப்பவே. கையெழுத்துப் போட்டு."

பேராசிரியை விளக்கு வெளிச்சத்திலேயே, ஒரு மாணவியின் முதுகில் தாளை வைத்து எழுதிக் கையெழுத்திட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பைண்டிங் அறை காலியானது. தங்கையின் மேசை தாழ்வாரத்தின் கோடிக்குப் போயிற்று. முட்டு மரங்கள் நின்ற இடத்தில் நின்றன. விழா முற்றத்தில் நடந்தது. வெயிலில் பெரியவர்கள் வியர்த்தார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பிய மறுவாரம் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் சுவரில் பதினான்கு ஆண்டுகள் அனுமதியின்றி எழுதியதற்கும், வகுப்பு நேரத்தில் குறுக்கிட்டதற்கும் மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். துறைத்தலைவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "விதின்னு ஒண்ணு இருக்கில்லைம்மா. கோப்பில ஒரு காகிதம் வேணும்."

"இத்தனை வருஷம் இல்லாத காகிதம் இப்ப மட்டும் எங்கேருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர் மேசையிலேயே, அவர் பேனாவிலேயே பதில் எழுதினாள். 'ஆமாம், எழுதினேன். ஒன்றாம் தேதி மறுபடியும் எழுதுவேன்.' கையெழுத்து அடுத்த மூன்று தாளிலும் விழுந்தது.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. பத்து நாள் விடாமல் அடித்தது. பதினோராம் நாள் காலை, பூட்டிக் கிடந்த பைண்டிங் அறைக்குள் சத்தம் கேட்டுத் திறந்து பார்த்தார்கள். சுவரின் அந்தப் பக்கத்துப் பூச்சு, ஆள் அகலத்துக்கு, செங்கல்லோடு பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த வேகத்தில் தரைப் பலகை இரண்டு உடைந்திருந்தது. தங்கையின் ஸ்டூலை மட்டும் எடுத்துப்போக மறந்திருந்தார்கள். அது நசுங்கிக் கிடந்தது. சுவர் சாயவில்லை. ஐந்து மரங்களும் முனகிக்கொண்டு நின்றன. தங்கை வாசலில் நின்று அந்த ஸ்டூலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஒன்றாம் தேதி அக்கா வடக்குக் கூடத்துக்குப் போனாள். பழக்கத்தில் ஏணியை இழுத்துக்கொண்டு போனாள். விரிசலின் நுனியைத் தேடினாள். அது அவள் இடுப்புக்கு வந்திருந்தது. ஏணியைச் சுவரோரம் சாத்திவிட்டுத் தரையிலேயே நின்றாள்.

பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. தங்கை டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தாழ்வாரத்திலிருந்து எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது.

அக்கா கோடு போட்டாள். தேதியை எழுத ஆரம்பித்தாள்.

"அழுத்தி எழுதுக்கா" என்றாள் தங்கை.

அழுத்தினாள். பென்சில் முனை உடைந்தது. தங்கை தன் மேசையிலிருந்து எடுத்துவந்த இன்னொரு பென்சிலை நீட்டினாள்.